சம்பளம் கொடுப்பவரின் வரலாற்றை எழுதுவது

அமெரிக்க மத்திய அரசின் பணிப் பட்டியலில் 0170 என்ற எண்ணுக்கு நேரே ‘வரலாற்றாசிரியர்’ என்று இருக்கிறது. கணக்கர், கால்நடை மருத்துவர், நில அளவையாளர் போல அதுவும் ஓர் உத்தியோகம். படிநிலை உண்டு, ஊதிய உயர்வு உண்டு, ஓய்வூதியம் உண்டு. ராணுவத்திலும் வெளியுறவுத் துறையிலும் இப்படி ஆள் வைத்திருப்பதில் வியப்பில்லை. போரையும் உடன்படிக்கையையும் எழுதிவைக்க விரும்பாத அரசு எது? ஆனால் அணுசக்தி ஆணையம், உணவு மருந்து நிர்வாகம், தேசிய சுகாதார நிறுவனங்கள், நாசா போன்ற இடங்களிலும் இவர்கள் வேலை பார்த்திருக்கிறார்கள் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். அறிவியலும் மருத்துவமும் அரசுப் பணத்தில் பெரிய அளவில் நடக்கத் தொடங்கியதும், அவற்றின் வரலாற்றை எழுதவும் அரசே ஆள் வைத்துக்கொண்டது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். வரலாற்றாசிரியருக்கு அந்தப் பழமொழி ஆகாது. அதனாலேயே பல்கலைக்கழகத்துக்காரர்கள் இந்த உத்தியோகத்தை ஓரக்கண்ணால் பார்த்துவந்திருக்கிறார்கள். சம்பளம் கொடுக்கிற இடத்தின் தவறை ஒருவர் எழுதுவாரா, எழுதினாலும் அச்சேறுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தாம். ஆனால் இவர்களுடைய வேலையை ஒரு சுற்றுப் பார்த்தால், இவர்கள் எழுதிய புத்தகம் எவ்வளவு உண்மை என்பதைக் காட்டிலும், இவர்கள் இல்லாதிருந்தால் எந்தெந்தக் காகிதங்கள் இன்று நம் கைக்கு வந்திருக்காது என்பதே முக்கியமான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

தொடக்கத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் ராணுவ மருத்துவர்கள். 1862இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, வடதரப்பு ராணுவத்தின் தலைமை மருத்துவர் வில்லியம் ஹம்மண்ட் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். வெட்டி எடுக்கும் எலும்புகள், உடலிலிருந்து எடுத்த குண்டுகள், நோய்க் குறிப்புகள் அனைத்தையும் வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. மறு ஆண்டு கெட்டிஸ்பர்க் போரில் பீரங்கிக் குண்டு பட்டு ஒரு காலை இழந்த ஜெனரல் டேனியல் சிக்கிள்ஸ், தன் கால் எலும்பைப் பெட்டியில் வைத்து அந்தப் புதிய அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். பிறகு அதைப் பார்க்கவும் போய்வருவாராம். எலும்பு இன்றும் மேரிலாந்தில் காட்சிக்கு இருக்கிறது. இப்படிச் சேர்ந்த குவியலிலிருந்து 1870க்கும் 1888க்கும் இடையில் போரின் மருத்துவ, அறுவை சிகிச்சை வரலாறு ஆறு பெரும் புத்தகங்களாக வந்தது. இன்று அவற்றைப் புரட்டுகிறவர்கள் நிபுணர்கள் மட்டுமே. அதே அலுவலகத்தில் ஜான் ஷா பில்லிங்ஸ் வளர்த்த புத்தகச் சேகரமோ இன்றைய அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம்; மருத்துவத்துக்கு உலகில் அதைவிடப் பெரிய நூலகம் கிடையாது. எழுதிய வரலாறு பழசாகிவிட்டது, பக்கத்தில் சேர்த்தது வளர்ந்துகொண்டே இருக்கிறது. இந்தத் துறையில் இது திரும்பத் திரும்ப நடக்கும்.

வரலாற்றைத் தொழிலாகப் படித்தவர்களை அரசு அறிவியலுக்குள் கொண்டுவந்தது அணுகுண்டு. காரணம் எளிது. அணுகுண்டுத் திட்டத்தின் முடிவுகள் மிகச் சிலரால் மூடிய அறைகளில் எடுக்கப்பட்டவை. நாடாளுமன்ற விவாதமோ செய்தித்தாள் அலசலோ கிடையாது. கோப்புகளை உள்ளே போய்ப் பார்க்க அனுமதி பெற்றவர் எழுதினால்தான் உண்டு. அமெரிக்க அணுசக்தி ஆணையம் 1957இல் ரிச்சர்ட் ஹியூலெட்டைத் தலைமை வரலாற்றாசிரியராக நியமித்தது. அவரும் ஆஸ்கர் ஆண்டர்சனும் சேர்ந்து எழுதிய முதல் தொகுதி 1962இல் வந்தது. ரகசியக் கோப்புகளை முழுமையாகப் பார்த்து எழுதிய புத்தகத்தை அரசு அச்சகம் போடாமல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பதிப்பகம் வெளியிட்டது. புகழ்மாலை என்று எவரும் ஒதுக்கிவிட முடியாதபடி, தரமான ஆய்வு நூலாக அது வரவேற்கப்பட்டது.

பிரிட்டனின் கதை இன்னும் சுவையானது. மார்கரெட் கவ்விங் லண்டன் பொருளியல் பள்ளியில் பொருளாதாரம் படித்தவர். இயற்பியல் அவருக்குப் பாடமாக இருந்ததில்லை. போர் முடிந்த 1945இல் அமைச்சரவை அலுவலகத்தின் வரலாற்றுப் பிரிவில் சேர்ந்து, கீத் ஹான்காக்குடன் போர்க்காலப் பொருளாதார வரலாற்றை எழுதினார். 1959இல் பிரிட்டிஷ் அணுசக்தி ஆணையத்தில் வரலாற்றாசிரியராகவும் ஆவணக் காப்பாளராகவும் வேலைக்கு வந்தார். இரண்டு பொறுப்புகளும் ஒருவருக்கே என்பதைக் கவனிக்க வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் காகிதங்கள் பல ஊர்களில், பல ஆய்வுக்கூடங்களில், முறையான பட்டியல் இல்லாமல் கிடந்தன. எழுதுவதற்கு முன்னால் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்யும் வேலை வந்து நின்றது. அணு விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து பேசிப் பேசியே அறிவியலையும் கற்றுக்கொண்டார்.

போர்க்கால அணு ஆராய்ச்சி பற்றிய அவருடைய புத்தகம் 1964இல் வந்தது. அதன் தொடர்ச்சியை லோர்னா அர்னால்டின் துணையோடு 1974இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். 1945 முதல் 1952 வரையிலான கதை அது. பிரிட்டன் தனக்கென்று அணுகுண்டு செய்வதென 1947 ஜனவரியில் பிரதமர் அட்லியும் ஐந்தாறு அமைச்சர்களும் ஒரு ரகசியக் குழுவில் முடிவெடுத்தார்கள். முழு அமைச்சரவைக்கே அது போகவில்லை. நாடாளுமன்றத்துக்கு விஷயம் தெரிந்தது 1948 மே மாதத்தில், ஓர் உறுப்பினரின் கேள்விக்கு அமைச்சர் சொன்ன சுருக்கமான பதிலின் வழியாக. ஆளும் விதத்தில் இருந்த இந்த ரகசியத்தை, அதே அரசிடம் சம்பளம் வாங்கியவர் அரசின் கோப்புகளைக் கொண்டே விவரமாக எழுதிக்காட்டினார். உப்பிட்டவரை நினைத்துக்கொண்டு எழுதிய எழுத்து அல்ல அது.

ஆனால் அந்தப் புத்தகங்களில் ஒரு குறை உண்டு. இன்னும் பொதுப் பார்வைக்கு வராத கோப்புகளுக்கு அடிக்குறிப்பு தரக் கூடாது என்பது அதிகாரபூர்வ வரலாறுகளின் விதி. சான்றுகள் முழுவதும் கொண்ட பிரதி அரசுக்குள் தனியாக இருக்கும். கடையில் வாங்கிப் படிப்பவர் ஆசிரியரை நம்பிக்கொள்ள வேண்டியதுதான். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டனில் பொது ஆவணங்கள் 50 ஆண்டுகளுக்குப் பிறகே திறக்கப்படும் என்று இருந்தது. 1967இல் அதை 30 ஆண்டுகளாகக் குறைத்தார்கள். அந்தக் கெடு முடியும்வரை கவ்விங் சொன்னதைச் சரிபார்க்க வெளியார் எவராலும் முடியாது. நல்லவர் கையில் கிடைத்ததால் நல்ல வரலாறு வந்தது என்று சொல்வது ஏற்பாட்டுக்குப் பாராட்டு ஆகாது. இன்னொருவர் கையில் கிடைத்திருந்தால்?

கவ்விங்குக்கும் இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1973இல் அறிவியல் வரலாற்றுக்கென்று உருவாக்கிய முதல் பேராசிரியர் இருக்கை அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் சமகால விஞ்ஞானிகளின் காகிதங்களைத் தேடிப் பிடித்து, அட்டவணை போட்டு, நூலகங்களில் சேர்ப்பதற்கென்று ஒரு மையம் அங்கே தொடங்குவதற்கு அவர் காரணமாக இருந்தார். விஞ்ஞானி இறந்ததும் ஆய்வுக்கூட அலமாரி காலிசெய்யப்படும், பதினைந்து நாளில் எல்லாம் குப்பைக்குப் போய்விடும் என்பதை அணுசக்தி ஆணையத்துக்குள் இருந்து பார்த்தவருக்கு அல்லவா தெரியும்? பிரிட்டிஷ் அகாதமியிலும் ராயல் சொசைட்டியிலும் உறுப்பினரான மிகச் சிலரில் அவரும் ஒருவர்.

லோர்னா அர்னால்டுடைய வாழ்க்கை வேறு ஒன்றைக் காட்டுகிறது. 1957 அக்டோபர் 10ஆம் தேதி, இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் விண்ட்ஸ்கேல் அணு உலையில் தீப்பிடித்தது. கதிரியக்க அயோடின் காற்றில் பரவியது; சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலைக் கொட்டிவிடச் சொன்னார்கள். வில்லியம் பென்னி தலைமையில் விசாரணை நடந்தது. பிரதமர் மேக்மில்லன் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டு அறிக்கையை உள்ளே வைத்துக்கொண்டார். அமெரிக்காவோடு அணு ஒத்துழைப்பைப் புதுப்பிக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. அறிக்கை 30 ஆண்டுகள் கழித்து, 1988 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. அர்னால்டின் விண்ட்ஸ்கேல் நூல் 1992இல் வந்தது. வேலை செய்தவர்களின் கவனக்குறைவு என்று பேசப்பட்டதை அவர் ஏற்கவில்லை. குண்டுக்குத் தேவையான பொருள்களை அவசரம் அவசரமாகக் கேட்ட மேலிடம், போதாத ஆட்கள், சூடு அதிகமான இடத்தைக் காட்டாத கருவிகள் என்று பழியைப் பகிர்ந்து கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 75ஐக் கடந்திருந்தது. ஹைட்ரஜன் குண்டு பற்றிய புத்தகம் வந்த 2001இல் 85 கடந்துவிட்டது. ஹியூலெட்டின் மூன்றாம் தொகுதியும் அவர் ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆனபிறகே வந்தது. ரகசியம் கழியும் வேகத்தில்தான் இவர்கள் எழுத முடியும். அதற்குள் பாதிப் பேருக்கு வயதாகிவிடுகிறது.

விண்ட்ஸ்கேல் விவகாரத்திலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்தத் தீயில் வெளியேறிய பொலோனியம்-210 பற்றி அதிகாரபூர்வ மதிப்பீடு பல ஆண்டுகள் பேசவே இல்லை. 1983இல் ஜான் உர்குஹார்ட் என்ற வெளியாள் அதைச் சுட்டிக்காட்டிய பிறகே கணக்கில் சேர்த்தார்கள். உள்ளே இருப்பவருக்குக் காகிதம் கிடைக்கிறது. எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது சில சமயம் வெளியே இருப்பவருக்குத்தான் தோன்றுகிறது.

இந்த உத்தியோகத்தின் மேல் வைக்கப்படும் வழக்கு இங்கிருந்துதான் கனக்கத் தொடங்குகிறது. அமெரிக்கப் பொது சுகாதாரப் பணித் துறை 1932 முதல் 1972 வரை அலபாமாவின் டஸ்கீகியில் சிஃபிலிஸ் நோய் கண்ட 399 கறுப்பினத்தவரைச் சிகிச்சை தராமல் ‘கவனித்துக்கொண்டு’ இருந்தது. வெளியே சொன்னவர் அத்துறையில் வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன். எழுதியவர் அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஜீன் ஹெல்லர். அதன் முதல் முழு வரலாற்றை 1981இல் வெளியிட்ட ஜேம்ஸ் ஜோன்ஸும் அரசுப் பணியில் வரலாறு எழுதியவர் அல்லர். 1945க்கும் 1947க்கும் இடையில் 18 நோயாளிகளின் உடலில் புளூட்டோனியம் செலுத்தப்பட்ட விஷயம் ஏற்கெனவே அரசல்புரசலாகத் தெரிந்திருந்தும், அவர்களுக்குப் பெயரும் முகமும் கொடுத்தவர் 1993இல் ஆல்புகர்க்கி நாளிதழின் நிருபர் ஐலின் வெல்சம். குவாத்தமாலாவில் 1946 முதல் 1948 வரை கைதிகளுக்கும் மனநோயாளிகளுக்கும் படைவீரர்களுக்கும் பால்வினை நோய்க் கிருமிகளை வேண்டுமென்றே தொற்றவைத்த பரிசோதனையைக் கண்டுபிடித்தவர் சூசன் ரெவர்பி என்ற கல்லூரிப் பேராசிரியர். பரிசோதனை நடத்திய ஜான் கட்லர் தன் காகிதங்களைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தார். டஸ்கீகி பற்றித் தேடிப் போன ரெவர்பி கையில் அவை அகப்பட்டன. 2010 அக்டோபரில் அமெரிக்க அரசு குவாத்தமாலாவிடம் மன்னிப்புக் கேட்டது.

மூன்றிலும் உண்மையை முதலில் வெளிக்கொணர்ந்தவர் அரசு வரலாற்றாசிரியர் இல்லை. இதை மழுப்பிப் பேச முடியாது. அமெரிக்க அணுசக்தி ஆணையத்தில் 1947 ஏப்ரலில் சுற்றுக்கு வந்த ஒரு குறிப்பு, மனிதர்கள் மேல் நடந்த பரிசோதனைகளைக் குறிப்பிடும் காகிதங்கள் பொதுமக்களின் வெறுப்பையும் வழக்குகளையும் கொண்டுவரக்கூடும் என்பதால் அவற்றை ரகசியமாகவே வைக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னது. ராணுவ ரகசியத்தைக் காக்கும் முத்திரையை மானத்தைக் காக்கவும் பயன்படுத்தினார்கள். அந்தக் குறிப்பே 1994இல் அதிபர் கிளிண்டன் அமைத்த ஆலோசனைக் குழுவின் விசாரணையில் முக்கியச் சான்றாயிற்று. சூசன் லெடரர் என்ற மருத்துவ வரலாற்றாசிரியர் குழுவில் உறுப்பினர்; 1995 அக்டோபரில் அறிக்கை வந்தது.

குழு கேட்டபோது காகிதம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காகிதம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு சி.ஐ.ஏ.யின் எம்.கே. அல்ட்ரா திட்டம் சாட்சி. மனத்தைக் கட்டுப்படுத்தும் மருந்துகளை ஆராய்ந்த அந்தத் திட்டத்தின் கோப்புகளை 1973இல் இயக்குநர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் அழிக்கச் சொன்னார். நிதிக் கணக்குக் கோப்புகளோடு வேறு இடத்தில் கிடந்த ஏறக்குறைய 20,000 பக்கங்கள் தப்பின. 1977இல், தகவல் கேட்டு வந்த ஒரு மனுவுக்குப் பதில் தேடும்போதுதான் அவை கண்ணில் பட்டன. நாம் அந்தத் திட்டத்தைப் பற்றி இன்று அறிந்திருப்பதில் பெரும் பகுதி ரசீதுகளிலிருந்தும் செலவுக் கணக்கிலிருந்தும் வந்தது.

இப்போது தேசிய சுகாதார நிறுவனங்களின் வரலாற்றாசிரியராக இருந்த விக்டோரியா ஹார்டனிடம் வரலாம். இந்த உத்தியோகம் ஒரு நாளில், ஓர் ஆண்டில் எப்படி இருக்கும் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1970களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வரலாற்றுக்கு வேலை அருகிப்போயிற்று. முனைவர் பட்டம் வாங்கியவர்கள் அருங்காட்சியகம், நிறுவனம், அரசு என்று வெளியே பார்க்கத் தொடங்கினார்கள். மத்திய அரசின் வரலாற்றாசிரியர்கள் 1979இல் தங்களுக்கென்று ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டார்கள். அந்தச் சூழலில் 1983இல் எமரி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் ஹார்டன். தேசிய சுகாதார நிறுவனங்கள் எப்படி உருவாயின என்பது பற்றிய அவருடைய முதல் நூல் 1986இல் வந்தது. மறு ஆண்டு அந்த நிறுவனத்துக்கு நூற்றாண்டு: 1887இல் ஸ்டேட்டன் தீவின் கடலோடிகள் மருத்துவமனையில் ஜோசப் கின்யூன் தொடங்கிய ஒற்றை அறை ஆய்வுக்கூடம்தான் அதன் மூலம்.

நூற்றாண்டு என்றால் மலர் போடுவார்கள், கேக் வெட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். இங்கே அப்படி ஆகாததற்கு டிவிட் ஸ்டெட்டன் என்ற உயிர்வேதியியலாளர் ஒரு காரணம். நிறுவனத்தின் உயர்பதவியில் இருந்தவர். விழித்திரை நோயால் பார்வையை இழந்தவர். வயதான காலத்தில், பழைய கருவிகளைத் தூக்கிப் போடாமல் சேர்த்துவையுங்கள் என்று வற்புறுத்தியவர் கண் தெரியாத அந்த மனிதர்தாம். 1986இல் தொடங்கிய அருங்காட்சியகம் அவர் பெயரைத் தாங்குகிறது. ஹார்டன் அதற்கும் வரலாற்று அலுவலகத்துக்கும் தலைவராகி 2006இல் ஓய்வு பெறும்வரை இருந்தார்.

அவர் போய் உட்கார்ந்த நேரத்தில் வெளியே எய்ட்ஸ் பரவிக்கொண்டிருந்தது. 1981 ஜூன் 5ஆம் தேதி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் லாஸ் ஏஞ்சலீஸ் நோயாளிகள் ஐவரைப் பற்றிய குறிப்பு வந்தது. அதே மாதத்தில் தேசிய சுகாதார நிறுவனங்களின் மருத்துவமனைக்கு அந்த நோயோடு ஒருவர் வந்து சேர்ந்தார். என்ன நோய் என்று அப்போது எவருக்கும் தெரியாது. வரலாற்றாசிரியர்கள் பொதுவாக எல்லாம் முடிந்தபின் வருகிறவர்கள். ஹார்டனும் சகாக்களும் முடியாத ஒன்றின் நடுவில் ஒலிப்பதிவுக் கருவியோடு நின்றார்கள். மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வாளர்கள் என்று ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டார்கள். எந்தப் பரிசோதனை தோற்றது, எதற்குப் பயந்தார்கள், முதலில் என்ன தவறாக நினைத்தார்கள்? ஆய்வுக் கட்டுரையில் இவை எதுவும் வராது. அங்கே வெற்றியடைந்த வழி மட்டும், அதுவும் நேர்கோடாக, இருக்கும். 1989இல் எய்ட்ஸை வரலாற்றாசிரியர்கள் எப்படி அணுக வேண்டும் என்று அந்த வளாகத்திலேயே ஒரு கருத்தரங்கு நடத்தினார்கள். நேர்காணல்கள் 2001இல் இணையத்தில் எல்லாரும் படிக்க வைக்கப்பட்டன.

இதே ஆண்டுகளில் அந்த நிறுவனத்தின் விஞ்ஞானி ராபர்ட் காலோவுக்கும் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் லுக் மோன்டாய்னியேவுக்கும் எய்ட்ஸ் கிருமியை யார் கண்டுபிடித்தது என்ற சண்டை நடந்துகொண்டிருந்தது. காப்புரிமைப் பணமும் அதில் சம்பந்தப்பட்டிருந்ததால் 1987இல் அமெரிக்க அதிபர் ரீகனும் பிரெஞ்சுப் பிரதமர் ஷிராக்கும் தலையிட்டு உடன்பாடு செய்ய வேண்டிவந்தது. 2008இல் நோபல் பரிசு பிரெஞ்சுக்காரர்களுக்குப் போனது. இப்படி வழக்கறிஞர்கள் நடமாடும் கட்டிடத்தில் உட்கார்ந்துகொண்டு நிறுவன வரலாற்றாசிரியர் தீர்ப்புச் சொல்ல முடியுமா? முடியாது, சொன்னாலும் எவரும் நம்ப மாட்டார்கள். அவரால் முடிந்தது, எல்லாத் தரப்பும் பேசியதைப் பதிவு செய்து வைப்பது. ஹார்டனின் எய்ட்ஸ் வரலாற்று நூல் அவர் ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் கழித்து, 2012இல் வந்தது. இதையும் ஒரு குறையாகச் சொல்லலாம். நான் சரியான வேலைப்பிரிவினை என்பேன்.

வாய்மொழிப் பேட்டிகளில் எல்லாரும் அசலைவிடக் கொஞ்சம் நல்லவர்களாகத் தெரிகிறார்கள் என்பதும் உண்மை. படியெடுத்ததைப் பேசியவரே திருத்தித் தருவது வழக்கம். கேட்பவர் அதே உணவகத்தில் சாப்பிடும் சக ஊழியராக இருக்கும்போது கூர்மையான கேள்வி ஒன்றிரண்டு தொண்டையில் நின்றுவிடும். மறுபுறம், வெளியாளிடம் சொல்லாததைச் சக ஊழியரிடம் சொல்பவர்களும் உண்டு.

மிச்ச நேரத்தில் இவர்கள் செய்கிற வேலை பெரும்பாலும் சலிப்பானது. இயக்குநரின் விழா உரைக்கு ஆண்டு தேடிக் கொடுப்பது, பழைய படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் யார் என்று சொல்வது, நிருபர்களின் தொலைபேசி, கண்காட்சிப் பலகை. அலுவலகத்தைச் செய்தித் தொடர்புப் பிரிவின் கீழ் வைத்துவிட்டால் வேலை முழுவதுமே இதுவாகிப்போகும். சில ஆண்டுகளில் வரலாற்றாசிரியருக்கும் விளம்பர அதிகாரிக்கும் வித்தியாசம் இருக்காது. நாசா 1959 முதலே வரலாற்றாசிரியரை வைத்திருந்து, வெளியாட்களுக்கு ஒப்பந்தம் கொடுத்தும் ஏராளமான புத்தகங்களை எழுதவைத்தது. நல்ல புத்தகங்கள் பல. சேலஞ்சர் விண்கல விபத்தை நிறுவனத்தின் பழக்கவழக்கங்களோடு சேர்த்து அலசிய மிக ஆழமான நூலை எழுதியவர் மட்டும் டயான் வாகன் என்ற சமூகவியல் பேராசிரியர்.

நிறுவன நினைவு என்பது உயிரைக் காக்கும் விஷயமும்கூட. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தைத் திரவமாக்க ஒரு கம்பெனி டைஎத்திலீன் கிளைக்காலைக் கரைப்பானாகச் சேர்த்தது. விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதிக்கவும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள், பலர் குழந்தைகள். உணவு மருந்து நிர்வாகம் தன் 239 ஆய்வாளர்களையும் வேதியியலாளர்களையும் ஏறக்குறைய முழுவதுமாக இறக்கி ஊர் ஊராகப் புட்டிகளைத் தேடிப் பிடித்தது. நச்சுப் பொருளை விற்றதற்காக வழக்குப் போட அன்றைய சட்டத்தில் இடமில்லை. ‘எலிக்ஸிர்’ என்று போட்டுவிட்டு உள்ளே ஆல்கஹால் இல்லை, ஆகவே பெயர் தவறு என்பதே குற்றச்சாட்டு. 1938ஆம் ஆண்டுச் சட்டம் இந்தச் சாவுகளிலிருந்து பிறந்தது. அந்த நிர்வாகத்தின் வரலாற்று அலுவலகம் ஓய்வு பெறும் அதிகாரிகளைப் பேட்டி கண்டு தேசிய மருத்துவ நூலகத்தில் சேர்த்துவைக்கும் பழக்கத்தைப் பல பத்தாண்டுகள் கடைப்பிடித்தது. எமரி பேராசிரியர் ஜேம்ஸ் ஹார்வி யங் அந்தப் பேட்டிகளில் முக்கியப் பங்கெடுத்தவர்.

அதே டைஎத்திலீன் கிளைக்கால் 1973இல் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் 14 குழந்தைகளைக் கொன்றது. 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனை, 1998இல் குர்கான். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். மருந்து தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில். ஜே.ஜே. சாவுகளுக்கு நீதிபதி லென்டின் விசாரணை அறிக்கையாவது இருக்கிறது. எழும்பூர்ச் சாவுகளை இன்றைய மருந்து ஆய்வாளர் எத்தனை பேர் பயிற்சியில் படித்திருப்பார்கள்?

இந்தியாவில் இந்த உத்தியோகம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. இந்திய நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரெஜினால்ட் ஃபிலிமோர், துறையின் வரலாற்றை ஐந்து தொகுதிகளாக எழுதினார். முதல் தொகுதி 1945இல் வந்தது. 1802இல் நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்த கதையை இரண்டாம் தொகுதியில் படிக்கலாம். ஐந்தாம் தொகுதி அவர் இறந்தபின் 1968இல் அச்சாகியும், எல்லைப் பிரச்சினையைக் காரணம் காட்டி அரசே அதை வெளியே விடாமல் தடுத்துவிட்டது. 1861இல் முடிந்துபோன விஷயங்களைப் பற்றிய புத்தகம் அது! இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படைகளின் மருத்துவப் பணி பற்றி பி.எல். ரெய்னா பதிப்பித்த தொகுதிகளும் உண்டு. இந்திய மருத்துவ முறைகளின் பழைய வரலாற்றுக்கு ஹைதராபாத்தில் ஒரு மத்திய நிறுவனம் இயங்குகிறது. தேசிய அறிவியல் அகாதமி 1966 முதல் அறிவியல் வரலாற்று இதழ் நடத்துகிறது. பெங்களூரில் உயிரியல் ஆய்வு மையம் ஒன்று 2019 முதல் நல்ல காப்பகம் நடத்துகிறது.

ஆனால் விடுதலைக்குப் பிந்தைய அரசு ஆய்வுக்கூடங்களின் வரலாற்றைப் பெரும்பாலும் அவற்றில் வேலை செய்தவர்களே பொன்விழா நூல்களாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இந்திய அணுசக்தித் துறையின் ஐம்பதாண்டு வரலாற்றை 1998இல் எழுதியவர்கள் கல்பாக்கம் மையத்தின் இயக்குநராக இருந்த சி.வி. சுந்தரமும் சக விஞ்ஞானிகளும். பயனுள்ள புத்தகம், ஆனால் தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்தியது போன்றது.

ஒரு நல்ல அரசு வரலாற்றாசிரியருக்கு என்ன வேண்டும் என்பது மேலே சொன்ன அனுபவங்களிலிருந்து தெளிவாகவே தெரிகிறது. கோப்புகளைப் பார்க்க எழுத்தில் உரிமை. கழிக்கப்படும் காகிதத்தின் மேல் ஒரு சொல். விளம்பரப் பிரிவுக்குக் கீழ்ப்படாத நாற்காலி. சேர்த்ததை வெளியார் வந்து பார்த்து, வேண்டுமானால் இவரையே மறுத்து எழுதுவதற்குத் திறந்த கதவு. அமெரிக்க வெளியுறவுத் துறை ஈரானில் 1953இல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பில் சி.ஐ.ஏ.யின் பங்கை விட்டுவிட்டுத் தன் ஆவணத் தொகுதியை வெளியிட்டபோது கூச்சல் எழுந்தது. ஆலோசனைக் குழுத் தலைவர் வாரன் கோஹன் பதவி விலகினார். 1991இல் அந்தத் தொகுதிகள் முழுமையாகவும் நம்பகமாகவும் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். அறிவியல் துறைகளின் வரலாற்றாசிரியர்களுக்கு அங்கேகூட அப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது.

இப்படி ஒருவருக்காகக் காத்திருக்கும் கதை நம் ஊரிலும் உண்டு. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் 193 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வு, சானடோரியத்தில் படுக்கவைத்துத் தரும் சிகிச்சைக்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுவது ஏறக்குறைய ஈடானது என்று 1959இல் காட்டியது. உலகெங்கும் காசநோய் சிகிச்சை மருத்துவமனையை விட்டு வீட்டுக்கு வந்ததற்கு அந்த ஆய்வு முக்கியமான காரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தியது. பிரிட்டிஷ் தரப்புக் கோப்புகள் லண்டன் கியூவில் இருக்கின்றன, உலக சுகாதார நிறுவனத்தின் கோப்புகள் ஜெனீவாவில். நோயாளிகளின் வீடுகளுக்கு நடந்துபோய் மாத்திரை எண்ணிப் பார்த்தவர்கள் சென்னைக்காரர்கள். அன்று இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இப்போது தொண்ணூறு தாண்டியிருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமோ தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறையோ வரலாற்றாசிரியர் என்று ஒரே ஒரு பணியிடத்தை உருவாக்குவதாக இருந்தால், அதை இந்த ஆண்டே செய்ய வேண்டும்.